ஏலியன் படங்களைப் பார்த்து வரிசைப்படுத்துவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் பின்னேரங்கள் நீண்டுபோகும். டச்சுக் குடாப் பக்கம் காலாற நடக்க முடியாது. கடல் கலங்கி இரைந்துகொண்டிருக்கும். போன மழைக்கு, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த அக்காவின் மகன் வந்து, "மாமா, இந்த ஏலியன் படங்களில எது திறம்? ஒண்டை மட்டும் சொல்லுங்கோ, பாத்திட்டு விடுறன்" என்றான். விண்வெளியில் மனிதர்களை வேட்டையாடும் ஒரு பயங்கரப் பிராணியைப் பற்றிய ஆங்கிலப் படத்தொடர் அது. ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாத்தையும் பார், பாத்திட்டு நீயே வரிசைப்படுத்து" என்று சொல்லி, அவனோடு நானும் குந்திவிட்டேன். மூன்று கிழமை அப்படியே போய்விட்டது.

அந்த மூன்று கிழமையில் நாங்கள் செய்ததையும், முதல் தடவை நான் தனியாகப் பார்த்த காலத்தில் செய்திருக்கக் கூடாததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கதைகளின் பெரிய திருப்பங்களை இயன்றவரை மறைத்திருக்கிறேன். ஆனால் ஒரு சொட்டும் தெரியாமல் பார்க்க வேண்டும் என்பவர்கள், கொப்பி பற்றிச் சொல்லும் இடத்தோடு நிறுத்திவிட்டுப் படங்களுக்குப் போய்விடுங்கள். மிச்சத்தை அப்புறம் வந்து வாசிக்கலாம்.

முதலில் கணக்கு

மொத்தம் எத்தனை படம் என்பதிலேயே ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். நான் ஒன்பது என்று எடுத்தேன். பிரதான வரிசையில் ஏழு: 1979 இல் ‘ஏலியன்’, 1986 இல் ‘ஏலியன்ஸ்’, 1992 இல் ‘ஏலியன் 3’, 1997 இல் ‘ஏலியன் ரிசரெக்‌ஷன்’, 2012 இல் ‘ப்ரொமீதியஸ்’, 2017 இல் ‘ஏலியன் கவனன்ட்’, 2024 இல் ‘ஏலியன் ரொமுலஸ்’. இடையில் 2004 இலும் 2007 இலும் பிரிடேட்டர் என்ற வேறொரு படத்தொடரின் வேட்டைக்காரனோடு இந்தப் பிராணியை மோதவிட்ட படங்கள் இரண்டு. 2025 இல் வந்த ‘ஏலியன் ஏர்த்’ எட்டுப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரிசையில் சேர்க்காதீர்கள். ஒரு பின்னேரத்தில் முடிகிற கதையையும் பல கிழமை இழுத்துச் சொல்லும் கதையையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. முதலாவது படத்தின் பெயருக்கும் இரண்டாவதின் பெயருக்கும் ஒரு ‘ஸ்’ மட்டும்தான் வித்தியாசம். யாரிடமாவது பென்டிரைவில் வாங்கினால் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். மருமகன் முதல் நாளே இரண்டாவதைத்தான் கொண்டுவந்து நின்றான்.

எந்த ஒழுங்கில் பார்ப்பது

வெளிவந்த ஒழுங்கில். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கதைக்குள் ஓடும் காலப்படி பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ‘ப்ரொமீதியஸ்’ 2093, ‘கவனன்ட்’ 2104, முதலாவது படம் 2122, ‘ரொமுலஸ்’ 2142, இரண்டாவதும் மூன்றாவதும் 2179. தாளில் எழுதினால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பார்ப்பது விடுகதையைக் கேட்க முன்னரே விடையைக் கேட்பது போல. முதலாவது படத்தில் ஒரு பழைய, கைவிடப்பட்ட கப்பலுக்குள் மூன்று பேர் போவார்கள். அங்கே ஒரு இராட்சத ஆசனம். அதில் ஆசனத்தோடு ஆசனமாகக் கல்லாகிப்போன ஓர் உருவம். நெஞ்சு எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்திருக்கும். யார் அது, அதற்கு என்ன நடந்தது என்று எவரும் விளக்கமாட்டார்கள், கதை அப்படியே நகர்ந்துவிடும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ‘ப்ரொமீதியஸ்’ 33 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. கேள்வியோடு கொஞ்சக் காலமாவது இருந்து பார்த்தவருக்குத்தான் அந்த விடை போதுமா போதாதா என்று சொல்ல முடியும்.

நான் பட்டதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சிடிக் கடையில் வாங்கிய தட்டின் உறையில் முதலாவது படத்தின் முட்டைப் படம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் உள்ளே இருந்தது 2007 இல் வந்த மோதல் படம். எனக்கு வித்தியாசம் தெரியாது. மத்தியான வெயில், யன்னல் திறந்திருக்கிறது. அந்தப் படமோ முழுக்க முழுக்க இருட்டில் எடுத்தது. ஒன்றரை மணி நேரம் ரீவியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுதான் ஏலியன் என்றால் எனக்கு வேண்டாம் என்று அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

இருட்டிய பிறகு போடுங்கள். திரைச்சீலை இல்லாத யன்னலுக்கு ஒரு சாரத்தைக் கட்டிவிட்டாலே போதும். ரீவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது கிடந்தால் பழைய சினிமாகூட நாடகம் போலத் தெரியும். இயந்திரம் உறுமுவதும் குழாயில் காற்று ஓடுவதும் இந்தப் படங்களில் பாதிக் கதை. ஓட்டில் மழை விழும் இரவில் அது ஒன்றும் கேட்காது. கம்பியோடு வரும் மலிவான ஹெட்செட்டாவது தேடிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தை அடியில் ஓடவிடுங்கள். மூன்றாவது படத்தில் மொட்டையடித்த ஆண்கள் ஒரு கூட்டமே பிரித்தானிய உச்சரிப்பில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். எழுத்து இல்லாவிட்டால் யார் யாரைக் கூப்பிடுகிறார் என்பதே பிடிபடாது.

கச்சான் வாங்கினால் உடைத்துக் கோப்பையில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கோது உடைகிற சத்தம், பொலித்தீன் பையின் சரசரப்பு, இரண்டும் இந்தப் படங்களுக்கு எதிரி.

சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தாதீர்கள். இவை பெரியவர்களுக்கான படங்கள், இரத்தத்துக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. முதலாவது படத்தின்போது அம்மம்மா கதிரையில் நித்திரை என்று நினைத்திருந்தோம். பெரிய சாப்பாட்டு மேசைக் காட்சி முடிந்து நாங்கள் மூச்சுவிடாமல் இருக்க, பின்னாலிருந்து குரல்: "அந்தப் பூனை எங்க போயிட்டுது?" கடைசிவரை அவவுக்கு அந்தப் பூனையின் கவலைதான். மனிதர்கள் ஒவ்வொருவராகப் போனதை அவ கணக்கிலேயே எடுக்கவில்லை.

கொப்பி ஒன்று

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒன்பதையும் பார்த்து முடித்த பிறகு ஞாபகத்திலிருந்து வரிசைப்படுத்தினால், கடைசியாகப் பார்த்ததுதான் மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு படமும் முடிந்தவுடன், பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முன்னர், மூன்று விசயங்களை எழுதுங்கள்.

எத்தனை பேர் ஞாபகத்தில் நிற்கிறார்கள்? பெயர் தெரிய வேண்டியதில்லை. ‘தொப்பிக்காரர்’, ‘சம்பளம் கேட்டுக்கொண்டே இருந்தவர்’ என்று எழுதினால் போதும். அடுத்தது, நாளைக்குத் தேத்தண்ணிக் கடையில் ஒருவருக்குச் சொல்லக்கூடிய ஒரு காட்சி. மூன்றாவது, எந்த இடத்தில் கை போனுக்குப் போனது.

பிராணி பற்றிய கேள்வியே இல்லையே என்று மருமகன் கேட்டான். வேண்டுமென்றுதான் விட்டேன். பிராணி அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான். முட்டை திறக்கும், எட்டுக்கால் பூச்சி போன்ற ஒன்று முகத்தைக் கவ்வும், சில மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பிறகு நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி வரும், அது மளமளவென்று ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வெட்டினால் இரத்தம் இரும்பை உருக்கும் அமிலம். இதைப் பார்த்துப் புள்ளி போட்டால் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே புள்ளிதான் வரும். அது யாரிடம் வருகிறது, வருவதற்கு முன்னர் அந்த ஆட்களை எங்களுக்கு எவ்வளவு பழக்கமாக்கிவிட்டார்கள் என்பதில்தான் படத்துக்குப் படம் வித்தியாசம். என் வரிசை முழுக்க அந்த ஒரு அளவுகோலில்தான் நிற்கிறது.

முதலாவது: இழுவைக் கப்பலில் ஏழு பேர்

1979 இன் ‘ஏலியன்’ தொடங்கும்போது திரையில் எழுத்து வரும்: வணிக இழுவைக் கப்பல் நொஸ்ட்ரோமோ, ஆட்கள் ஏழு, சரக்கு 2 கோடி தொன் கனிமத் தாதும் அதைச் சுத்திகரிக்கும் ஆலையும். விண்வெளிப் படம் என்றால் வீரர்களும் விஞ்ஞானிகளும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த ‘இழுவை’ என்ற சொல் தூக்கிவாரிப்போட்டது. உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தால் பெரிய கப்பலுக்கு முன்னால் சின்னதாக, புகை கக்கிக்கொண்டு இழுத்துப் போகும் படகு தெரியுமே, அந்த வேலைதான் இவர்களுக்கும். பெயரும் கடலோடுதான் ஒட்டியது. மாலுமியாக இருந்து எழுத்தாளரான ஜோசப் கொன்ராட்டின் நாவல் ஒன்றின் பெயர் நொஸ்ட்ரோமோ. இரண்டாவது படத்தின் கப்பலுக்குச் சுலாக்கோ என்று பெயர், அதே நாவலில் வரும் துறைமுக நகரம் அது.

இயக்கியவர் ரிட்லி ஸ்கொட். முதல் ஒரு மணி நேரத்தை அவர் செலவழிக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஆட்கள் நித்திரையால் எழும்புகிறார்கள், கோப்பி குடிக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள். இயந்திர அறையில் வேலை செய்யும் பார்க்கரும் பிரெட்டும் போனஸ் பங்கில் தங்களுக்கு மட்டும் ஏன் குறைவு என்று முணுமுணுக்கிறார்கள். வழியில் அந்நிய சமிக்ஞை ஒன்று வருகிறது. போய்ப் பார்க்கத் தேவையில்லை, அது எங்கள் வேலையில்லை என்கிறார் பார்க்கர். உடனே ஒப்பந்தத்தை நினைவூட்டுகிறார்கள்: அறிவுள்ள உயிரிடமிருந்து வந்தது போலத் தெரியும் எந்தச் சமிக்ஞையையும் விசாரிக்க வேண்டும், மறுத்தால் பங்கு முழுவதும் பறிபோகும். அதோடு வாய் அடைத்துவிடுகிறது. முட்டையிருக்கும் இடத்துக்கு அவர்கள் போனதற்கு ஆர்வமும் இல்லை, வீரமும் இல்லை. சம்பளம் வெட்டுப்படும் என்ற பயம். இதை விளங்கிக்கொள்ளத் துறைமுகத்தில் வேலை செய்யத் தேவையில்லை, மாதச் சம்பளத்தில் இருந்தாலே போதும்.

சாப்பாட்டு மேசைக் காட்சிக்கு வருவோம். கேன் என்பவர் பிழைத்து எழும்பிவிட்டார், எல்லோருக்கும் சந்தோசம், சாப்பாடு குறித்துப் பகிடி விடுகிறார்கள். அவர் இருமுகிறார். முதலில் எவரும் பெரிதாக எடுப்பதில்லை. பிறகு மேசையில் மல்லாந்து துடிக்கிறார். வெள்ளைச் சேட்டில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு கணம் எல்லாம் நின்றுவிடும், எல்லோரும் அந்தப் பொட்டைப் பார்ப்பார்கள். நடிகர்களுக்கு ஏதோ வெளியே வரும் என்று தெரியும், இரத்தம் இவ்வளவு பீறிடும் என்று தெரியாது. லம்பேட்டாக நடித்த வெரோனிக்கா கார்ட்ரைட்டின் முகத்தில் பட்டபோது அவர் அலறியது நடிப்புக்கு அப்பாற்பட்டது. இரண்டாம் முறை பார்க்கும்போது பிராணியை விட்டுவிட்டு மேசையைச் சுற்றி நிற்கும் முகங்களை மட்டும் பாருங்கள்.

பிராணியை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கிகர். உடைக்குள் இருந்தவர் நைஜீரியாவைச் சேர்ந்த, மிக உயரமான பொலாஜி படேஜோ. முழு உருவத்தைத் திரையில் நாங்கள் காண்பது சில நிமிடங்கள்தான். மிச்ச நேரமெல்லாம் சங்கிலி, சொட்டும் தண்ணீர், நீராவி. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளுக்குள் எட்டிப் பார்த்த யாருக்கும் அந்த இருட்டு பழக்கமானதாக இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கால் ஓர் அடி பின்வாங்கும்.

ரிப்ளியாக வரும் சிகோர்னி வீவர் அப்போது அறிமுகமில்லாத முகம். இவர்தான் கதாநாயகி என்று படம் பாதிவரை காட்டிக்கொடுப்பதில்லை. இன்றைக்குப் பார்ப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. 2003 இல் இயக்குநர் பதிப்பு என்று ஒன்று வந்தது. முதல் தடவைக்கு 1979 பதிப்பே போதும்.

இரண்டாவது: சண்டை இங்கேதான்

ஜேம்ஸ் கமரோனின் ‘ஏலியன்ஸ்’ 57 ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. முதலாவதில் ஒரு பிராணி, இதில் ஒரு கூடே இருக்கிறது. முதலாவதில் ஆயுதமில்லாத தொழிலாளர்கள், இதில் வாய்வீச்சும் துவக்குமாக வரும் சிப்பாய்கள். ஹொரர் என்பதைவிட யுத்தப் படம் என்பதே பொருந்தும். மருமகனுக்கு இதுதான் முதலிடம். அவனோடு நான் கடைசிவரை சண்டை பிடித்தேன். ஆனால் கொப்பியைத் திறந்தால் ஆட்கள் கணக்கில் எனக்கும் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று. பெயர் கெட்டுப்போய், கப்பல் உரிமமும் பறிபோன ரிப்ளி சரக்குத் துறையில் பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டிச் சீவிக்கிறாள். அதை அவளுக்கே குத்திக்காட்டுகிறார் முன்பு அவளை வேலைக்கு வைத்திருந்த கொம்பனியின் ஆள். பிறகு கப்பலில், என்ன உதவி செய்யலாம் என்று கேட்கும்போது சிப்பாய்கள் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். அவள் மஞ்சள் நிற இரும்புக் கூட்டுக்குள் ஏறி நின்று, பெட்டியை அலாக்காகத் தூக்கி, எங்கே வைக்க என்று கேட்கிறாள். சிரித்தவர்கள் வேறு மாதிரிச் சிரிக்கிறார்கள். இரண்டு நிமிடமும் வராத காட்சி. ஆனால் படத்தின் கடைசி அரை மணி நேரம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. எப்படி என்று சொல்லமாட்டேன்.

நியூட் என்ற சிறுமியாக வந்த கெரி ஹென் அதற்குப் பிறகு சினிமாவில் தொடரவில்லை, ஆசிரியையாகிவிட்டார். ஒரே படம், ஆனால் அவர் முகத்தை மறக்க ஏலாது. வீவருக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரை இந்தப் படத்தால் கிடைத்தது.

154 நிமிட நீண்ட பதிப்பு ஒன்று இருக்கிறது, 137 நிமிடத் திரையரங்குப் பதிப்பும் இருக்கிறது. முதலில் குட்டையானதைப் பாருங்கள். நீண்டதில் ரிப்ளியின் மகள் பற்றிய ஒரு செய்தி வருகிறது. அது தெரிந்தால் அவளுக்கும் நியூட்டுக்கும் இடையிலான ஒட்டுறவு இன்னும் கனக்கும், உண்மைதான். ஆனால் குடியேற்றத்தில் என்ன நடந்தது என்பதையும் அதிலே முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கே போய் இறங்கும்வரை ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் விருப்பம்.

மூன்றாவது: பொறுமை உள்ளவர்களுக்கு

‘ஏலியன் 3’ டேவிட் பின்ச்சர் இயக்கிய முதலாவது முழுநீளப் படம். கதை எழுதி முடிய முன்னரே படப்பிடிப்புத் தொடங்கிவிட்டது. தயாரிப்பாளர்களோடு இழுபறிப்பட்டு, கடைசியில் படமே தன்னுடையதில்லை என்று பின்ச்சர் கைகழுவினார். இரண்டாவது படத்தில் நீங்கள் நேசித்தவற்றைத் தொடக்கத்திலேயே உடைத்துப் போடுகிறது. அந்தக் கோபத்தோடு பார்த்தால் ஒன்றும் ஏறாது. அதனால் இரண்டாவதுக்கும் இதற்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

சிறைக் கிரகம். துவக்கு ஒன்றும் இல்லை. கைதிகள் பாதிப் பேர் சாமியாராகிவிட்டவர்கள். ரிப்ளியும் மொட்டை. மரணம் வரப்போகிறது என்று தெரிந்த ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதுதான் படம். இதற்கு மட்டும் நான் விதியை மாற்றுகிறேன்: ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்ட, 2003 இல் வெளிவந்த பதிப்பைத் தேடிப் பாருங்கள். திரையரங்குப் பதிப்பில் பிராணி நாயிலிருந்து வரும், இதில் மாட்டிலிருந்து வரும். அது பெரிய விசயமில்லை. ஆனால் குட்டையானதில் கைதிகள் வெறும் மொட்டைத் தலைகள். நீண்டதில் அவர்களில் நாலைந்து பேராவது ஆட்களாகிவிடுகிறார்கள். என் அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதே படம், அதே பிராணி. நீண்ட பதிப்பைப் பார்த்த இரவில் என் வரிசையில் அது மூன்று படி ஏறியது.

இடையில் கிடப்பவை

‘ரிசரெக்‌ஷன்’ பிரான்ஸ் நாட்டு இயக்குநர் ஜோன்-பியேர் ஜெனேயுடையது. 200 ஆண்டுகள் கழித்து நடப்பது, பெயரிலேயே உயிர்த்தெழுதல் இருக்கிறது. தண்ணீருக்கடியில் நீந்தும் ஒரு காட்சிக்காகப் பார்க்கலாம். முதுகைக் காட்டிக்கொண்டு வீவர் கூடைக்குள் பந்து போடும் இடமும் உண்டு. அது தந்திரமில்லை, உண்மையாகவே போட்டார். மற்றதெல்லாம் பகிடியா பயமா என்று படத்துக்கே தெளிவில்லை.

‘ப்ரொமீதியஸ்’ பார்க்க அத்தனை அழகு. ரிட்லி ஸ்கொட் திரும்பி வந்து, அந்த ஆசனத்து இராட்சதன் யார் என்று சொல்லத் தொடங்குகிறார். டேவிட் என்ற செயற்கை மனிதனாக மைக்கேல் பாஸ்பென்டர் வரும் ஒவ்வொரு காட்சியும் காசுக்குத் தகும். கதாநாயகி இயந்திரத்துக்குள் படுத்துத் தனக்குத்தானே சத்திரசிகிச்சை செய்யும் இடத்தில் மருமகன் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். ஆனால் அதில் வரும் விஞ்ஞானிகள்! முன்பின் தெரியாத கிரகத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். பாம்பு போன்ற ஒன்றைக் கண்டதும் செல்லம் கொஞ்சுகிறார்கள். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்க முன்னர் எங்கள் ஆட்கள் விரலால் தொட்டாவது பார்ப்பார்கள். ‘கவனன்ட்’ அதன் தொடர்ச்சி, 2,000 குடியேறிகளோடு போகும் கப்பல். டேவிட்டுக்காக மட்டும் பாருங்கள். கொப்பியில் அவரைத் தவிர எனக்கு ஒருவரும் நிற்கவில்லை.

மோதல் படங்கள் இரண்டையும் தனி ஆசனத்தில் இருத்திவிடலாம். 2004 இன் படம் மழை நாளில் நண்பர்களோடு கத்திக்கொண்டு பார்க்கலாம். 2007 இன் படத்தை இரவில், நல்ல ரீவியில், மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

‘ரொமுலஸ்’: கடைசியாக வந்தது

2024 இல் பெடே அல்வாரஸ் இயக்கியது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நடக்கிறது. ஆனாலும் கடைசியாகவே பாருங்கள், பழைய படங்களைத் தொட்டுத் தொட்டுப் போகிறது.

ரெயின் என்ற இளம்பெண், வெயிலே படாத சுரங்கக் குடியேற்றம் ஒன்றில் கொம்பனிக்கு வேலை செய்கிறாள். ஒப்பந்த மணித்தியாலங்களை முடித்துவிட்டாள், இனிப் போகலாம் என்று அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறாள். கணினியில் தட்டிப் பார்த்த பெண், அளவு இரட்டிப்பாகிவிட்டது, இன்னும் ஐந்தாறு ஆண்டு இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் எவரும் கதைக்கவில்லை. மருமகனின் தகப்பன் மத்திய கிழக்கில் வேலைக்குப் போய், இரண்டு வருடம் என்று சொன்னது நான்காகித் திரும்பி வந்தவர். "அப்பாட்டையும் இப்பிடித்தான் சொன்னவங்கள்" என்று மட்டும் அவன் சொன்னான். பிராணி இன்னும் வரவே இல்லை. படம் ஏற்கெனவே எங்களைப் பிடித்துவிட்டது.

அவளுக்குத் தம்பி மாதிரி கூட இருக்கும் அன்டி ஒரு பழுதுபட்ட செயற்கை மனிதன், அசட்டுப் பகிடி சொல்வான். டேவிட் ஜொன்சன் என்ற நடிகர் அவனை நடித்திருக்கும் விதத்துக்கே ஒரு படி ஏற்றலாம். குறையும் உண்டு. முதலாவது படத்தில் நடித்து, 2020 இல் காலமான இயன் ஹோமின் முகத்தைச் செயற்கையாக உருவாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தியது. பழைய வசனங்களை மறுபடி பேசவைப்பதும் தேவையில்லாதது.

இப்போது வரிசை

ஒன்றிலிருந்து ஒன்பது வரை நேரே இலக்கம் போட வெளிக்கிடாதீர்கள், குழம்பிப் போவீர்கள். சந்தையில் மீனைக் கூறு போடுவது போல முதலில் மூன்று கூறு: திரும்பவும் பார்ப்பேன், யாராவது போட்டால் இருந்து பார்ப்பேன், ஆளை விடு. கொப்பியைப் பார்த்துத்தான் போட வேண்டும், ஞாபகத்தைப் பார்த்தல்ல.

பிறகு ஒவ்வொரு கூறுக்குள்ளும் இரண்டிரண்டாகப் பொருதவிடுங்கள். இன்றிரவு கரண்ட் இரண்டரை மணி நேரம்தான் இருக்கும், இந்த இரண்டில் எதைப் போடுவாய்? கேள்வியை இப்படிக் கேட்டால் மனம் பொய் சொல்லாது. வென்றதை அடுத்ததோடு பொருதவிடுங்கள். ஒன்பது படத்துக்கு ஒரு தேத்தண்ணி நேரம் போதும்.

என் தாள் இப்படி வந்தது: ஏலியன், ஏலியன்ஸ், ஏலியன் 3 நீண்ட பதிப்பு, ரொமுலஸ், ப்ரொமீதியஸ், கவனன்ட், ரிசரெக்‌ஷன், 2004 மோதல், 2007 மோதல். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நான் அரை நாள் தடுமாறினேன். மூன்றாவது படத்தின் திரையரங்குப் பதிப்பைக் கணக்கில் எடுத்தால் ரொமுலஸ் மேலே போய்விடும். ஆகவே எந்தப் பதிப்பு என்பதைத் தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் ஒரு படத்தையும் மற்றவர் இன்னொரு படத்தையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாய்த்தர்க்கம் நடக்கும்.

முதலிரண்டு பற்றிய வழக்கு உங்கள் வீட்டிலும் வரும். தீர்க்கப் பார்க்காதீர்கள். பயந்து பயந்து பார்க்க விரும்புபவர் முதலாவதை வைப்பார், எழும்பி நின்று கைதட்ட விரும்புபவர் இரண்டாவதை வைப்பார். மருமகன் தாளில் ஏலியன்ஸ், ரொமுலஸ், அப்புறம்தான் முதலாவது. மூன்றாவது படத்தைக் கவனன்டுக்கும் கீழே தள்ளியிருந்தான். அவன் பார்த்தது குட்டைப் பதிப்பு, அதுவும் பாதியில் கரண்ட் போய் மிச்சத்தை மறுநாள் காலையில் பார்த்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாளையும் குளிரூட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினோம்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்தா. "பூனை வந்த படம் எது?" என்று கேட்டா. காட்டினோம். "அப்ப அதுதான் முதல்" என்றுவிட்டு, பால் எடுக்கக் கதவைத் திறந்தா.

மருமகனின் தாளில் போன கிழமை பென்சிலால் ஒரு அம்புக்குறி விழுந்திருந்தது, ஏலியன் 3 இலிருந்து மேல்நோக்கி. நீண்ட பதிப்பு என் பென்டிரைவில்தான் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியாது.